புவனா திருப்பிக் கொண்டுவந்த சம்பளம்

அக்கரப்பத்தனை பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் லோண்டரியின் இரும்புக் கேற்றைத் தோளால் தள்ளிக்கொண்டு புவனா உள்ளே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் குடை. இன்னொரு கையில், மார்போடு சேர்த்துப் பிடித்த கம்பளிச் சுருட்டு. அதற்குள் தொப்பி போட்ட ஒரு சின்னத் தலை.

துணி மடிக்கிற மேசையில் நின்ற பெண்கள் கைவேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். பார்வதி அக்காதான் முதலில் போய்க் குழந்தையை வாங்கினார். எங்களில் மூத்தவர் அவர். துணி அழுத்துகிற ஸ்டீம் பிரஸ் அவர் பொறுப்பு.

"முப்பது நாளு கழிஞ்ச ஒடனேயே பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு இந்தத் தூத்தல்ல வரலாமா?" என்று கண்டித்தார்.

புவனா நேராக நான் இருக்கும் கண்ணாடித் தடுப்புக்குள் வந்தாள். ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, பொலித்தீனில் சுற்றிய ஒரு கடித உறையை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, இத மொதல்ல வாங்கிக்கங்க. சம்பளத்தத் தப்பாப் போட்டுட்டீங்க."

"என்ன தப்பு?"

"போன மாசம் நா ஒரு நாளுகூட வேலைக்கு வரலியே. முழுச் சம்பளமும் பேங்குக்கு வந்திருக்கு. மொதலாளி பாக்கறதுக்கு முன்னாடி கட்டிருங்கக்கா. நீங்க இப்பத்தான் இந்த மிசின்ல பழகுறீங்க. ஒங்க வேலைக்கு ஏதாவது ஆயிறப் போவுது."

அவளுடைய செருப்பில் சேறு அப்பியிருந்தது. பிரசவித்த உடம்போடு, வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். எனக்கு வேலை போய்விடக் கூடாது என்பதற்காக.

"மொதல்ல ஒக்காரு" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

கட்டாருக்குப் போன தம்பி

அந்தக் கணினிக்கு முன்னால் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லோண்டரி தலவாக்கலை டவுனிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. நுவரெலியா ஹொட்டேல்களின் படுக்கை விரிப்புகளும் துவாய்களும் தினமும் வான் வண்டியில் வந்து இறங்கும். துவைத்து, பொயிலர் சூட்டில் காயவைத்து, அழுத்தி, மடித்துத் திருப்பி அனுப்புவோம். வேலை செய்பவர்கள் இருபது சொச்சம் பேர். பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள். வெளியே விரல் விறைக்கிற குளிர் என்றால், உள்ளே சவர்க்காரமும் கஞ்சியும் கலந்த வெக்கை. எந்த ஹொட்டேலிலிருந்து எத்தனை உருப்படி வந்தது, எத்தனை போனது என்று குறிப்பதுதான் என் வேலையாக இருந்தது.

சம்பளக் கணக்கை ஹற்றனிலிருந்து மாதம் ஒருமுறை வரும் ஒரு தம்பி பார்த்தான். தன் மடிக்கணினியிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன் முதலாளியிடம் ஒரு கொழும்புக் கம்பெனியின் மென்பொருளைச் சொல்லிவிட்டுப் போனான்.

முதலாளி சிவலிங்கம், டவுன் கடைவீதியில் பரம்பரையாகப் புடைவைக் கடை வைத்திருக்கும் குடும்பம். குரலை உயர்த்தாதவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெசிந்தா, நீங்க ஏ-லெவல்ல கொமர்ஸ் படிச்சவங்கதான? இனிமே சம்பளம் நீங்கதான் போடணும்."

"மொதலாளி, அது எந்தக் காலத்துல படிச்சது. எனக்குக் கடிதம் டைப் பண்ண மட்டுந்தான் தெரியும்."

"கொழும்புல இருந்து போன்ல சொல்லித் தருவாங்களாம். பழகிட்டாப் போச்சு."

பழகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கடையில் சும்மா இருந்த அவருடைய தங்கை மகன் கணினிப் படிப்பு முடித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். கணவர் போன பிறகு, பள்ளிக்கூடத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடு இந்த ஒரு சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. "சரிங்க" என்றேன்.

அடு கிரீம்

கினிகத்தேனையில் ஓர் இரும்புக் கடையில் சில காலம் நான் வேலைக்கு நின்றதைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். என் சிங்களம் அந்தக் கடையில் கற்றது. ஆணி, கயிறு, சிமெந்து, தகரம், பெயின்ட் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. விலை பேசுவேன், சண்டையும் போடுவேன். ஆனால் சம்பளக் கணக்குக்கு வேண்டிய ஒரு சொல்கூட அந்தக் கடையில் விற்கப்படவில்லை.

கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசியவள் பெயர் டில்ஹானி. தமிழ் தெரியாத சிங்களப் பெண். என்னைவிட வயதில் இளையவள் என்பது குரலில் தெரிந்தது. முதல் நாள் அவள் "அடு கிரீம்" என்று ஒரு பெட்டியை நிரப்பச் சொன்னாள். நான் திரையில் கிரீம் நிறத்தில் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் புரிந்தது. சம்பளத்தில் கழிக்கிற தொகைக்கு அவர்கள் மொழியில் அப்படிப் பெயர். அதைச் சொன்னதும் டில்ஹானி சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் கூச்சம் போய்விட்டது.

ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறக்க வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலைக்குச் சேர்ந்த நாள், சேமலாப நிதி இலக்கம், அடிப்படைச் சம்பளம், மேலதிக நேரம், முற்பணம். அந்தத் தம்பி விட்டுப்போன தாள்களைப் பார்த்து எல்லாவற்றையும் ஏற்றினேன். கடைசியில் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனை பேருக்கும் கணக்குப் போட்டுத் தந்துவிடும். முதன்முதலாக அதை அழுத்துவதற்கு முன் சிலுவை போட்டுக்கொண்டேன். பொயிலரைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா அண்ணன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"நா பொயிலருக்கு திருநீறு பூசுனா சிரிச்சீங்களே, இப்ப நீங்க என்ன பண்ணுறீங்க?"

பாவம், அடி அவருக்குத்தான் விழுந்தது. அவர் வாங்கியிருந்த கடனின் முழுத் தொகையையும், மாதாமாதம் கழிக்கிற பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் சம்பளம் வந்திருந்தது. முத்தையா அண்ணனுக்கு மட்டும் முன்னால் ஒரு கழித்தல் குறியோடு வந்திருந்தது.

"ஏம்மா, அப்ப நா வேலையும் செஞ்சு, கம்பெனிக்குக் காசும் கட்டணுமா?" என்றார் மிகுந்த மரியாதையோடு.

உடனே டில்ஹானியைக் கூப்பிட்டேன். "கலபல வென்ன எபா அக்கே" என்றாள். பதற்றப்படாதீர்கள் அக்கா என்று அர்த்தம். இன்னும் வங்கிக்குப் போகவில்லை, திருத்தலாம் என்று ஒவ்வொரு படியாகச் சொன்னாள். பிறகு எத்தனையோ தடவை அந்த வாக்கியத்தை அவளிடமிருந்து கேட்டிருக்கிறேன். வீட்டில் குழம்பு அடிப்பிடித்தால்கூட இப்போது என் மகள் அதைத்தான் சொல்கிறாள்.

பட்டியலில் இல்லாத காரணம்

இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு மாதத்தின் முதல் வாரம் முழுக்கப் புவனா வேலைக்கு வரவில்லை.

புவனாவுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றிலிருந்து வருகிறவள். புருஷன் மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறான். விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடிப்பதில் அவள் கைக்கு இங்கே சோடி இல்லை. கர்ப்பமாக இருக்கிறாள் என்பதே பார்வதி அக்காவைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. இந்தக் குளிரில் எல்லாரும் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நிற்போம். யார் வயிற்றை யார் பார்த்தது?

"அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க" என்று பார்வதி அக்கா வந்து சொன்னபோதுதான் எங்களுக்கே தெரியும்.

முதலாளி எப்போதும் சொல்வதையே சொன்னார். "அப்ப பேர எடுத்துருங்க. புள்ள பெத்து, ஒடம்பு தேறி வந்தா புதுசா சேத்துக்குவோம்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இங்கே அதுதான் வழக்கம். பிள்ளைப்பேறு என்றால் பெண்கள் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். மறுபடி வந்தால், இடம் இருந்தால், சேர்ப்பார்கள்.

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இருக்கிற கனம் வெளியே உள்ளவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் வேலைக்குப் பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். என் அம்மா மலையிலிருந்து இறங்கி வரும்போது, கூடையை இறக்கி வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, கொஞ்சம் பிந்திப் போனால் பேரே கிடையாது. திரும்பி வந்து லயத்து வாசலில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அழமாட்டார். ஆனால் அன்றைக்கு அவரிடம் எதையும் கேட்க எங்களுக்குத் துணிவு வராது.

புவனாவின் பக்கத்தைத் திறந்தேன். பெயரை நீக்குகிற பொத்தானை அழுத்தினால், மென்பொருள் ஒரு காரணம் கேட்டது. பட்டியல் கீழே விரிந்தது. ராஜினாமா. ஓய்வு. பணிநீக்கம். மரணம்.

நாலையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் ராஜினாமா செய்யவில்லை. யாரும் அவளை நீக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு இருக்கிறாள். எதை அழுத்துவது?

டில்ஹானியைக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், தங்கச்சி என்று அழைத்துக் கேட்டேன். "நங்கி, பிள்ளை பெறப் போன பெண்ணை எடுப்பதற்கு இதில் எந்தக் காரணத்தைப் போடுவது?"

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுகிற சத்தம் நின்றது.

"அக்கே, அவளை ஏன் எடுக்கிறீர்கள்?" என்றாள் பிறகு. "அது விலகல் இல்லை. அது பிரசூத நிவாடு."

இந்தத் தடவை எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பிரசூத என்றதுமே பிரசவம் என்று காதில் விழுந்தது. நிவாடு என்றால் விடுமுறை என்று இரும்புக் கடையிலேயே தெரியும். விடுமுறை வகைகள் இருக்கும் பக்கத்துக்குப் போகச் சொன்னாள். நான் ஒருநாளும் திறந்து பார்க்காத பக்கம். அங்கே அது இருந்தது. சட்டம் சொல்கிற நாட்கள் முடியும்வரை சம்பளம் ஓடும், பெயரும் அப்படியே இருக்கும் என்றாள்.

"எங்களைப் போல சின்ன இடங்களுக்குமா?"

"உங்களுக்கும்தான் அக்கே."

முதலாளி வீட்டு மதியச் சாப்பாடு

போனை வைத்த பிறகு நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால், இந்த வேலைக்கு வந்த சில மாதத்திலேயே செலவு வைக்கிறாள் என்று முதலாளி நினைக்கலாம். தங்கை மகன் ஞாபகத்துக்கு வந்தான். என் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். புவனா ஸ்வெட்டரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு மடிக்கிற மேசையில் நின்றதும் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாளாவது கூடுதலாக வேலை செய்துவிட வேண்டுமென்றுதான் அவள் அதை மறைத்திருக்கிறாள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"யாரு சொன்னா?"

"கொழும்புல அந்தப் புள்ளதான். சட்டம் இருக்காம் மொதலாளி. நீங்களும் யாருகிட்டயாச்சும் கேட்டுப் பாருங்க."

"அப்ப இனிமே கல்யாணம் முடிச்ச புள்ளைகள வேலைக்கே எடுக்க ஏலாது போல."

"அப்புடிப் பாத்தா இங்க பாதிப் பேரு இருக்க மாட்டாங்க மொதலாளி. நானும் இருக்க மாட்டேன்" என்றேன்.

அவர் எழுந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். நான் என் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன், சாப்பிட முடியவில்லை. இடியப்பம் விற்றுப் பிழைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அவர் திரும்பி வந்தபோது நேராக என் தடுப்புக்குள் வந்து, நின்றபடியே பேசினார்.

"ஹற்றன்ல நம்ம வக்கீலுகிட்ட கேட்டேன். அந்தப் புள்ள சொன்னது சரிதானாம்."

"ம்."

"வீட்லயும் சொன்னேன். அவ சோத்தப் போட்டுக்கிட்டே கேக்குறா. 'நம்ம மகளுக்கு பேங்க்ல சம்பளத்தோட லீவு குடுத்தப்ப நல்ல எடம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, அப்ப நம்ம எடம் என்ன எடம்?' அப்புடிங்கறா."

அவருடைய மகள் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். போன வருடம்தான் குழந்தை பிறந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கும் நாக்கு நுனிவரை வந்திருந்தது. நான் சொல்லியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

"சரி, அந்தப் புள்ளைக்குப் போடுங்க. எப்புடிப் போடணும்னு தெரியுமா?"

"கேட்டு வச்சிருக்கேங்க" என்றேன்.

அந்த மாதம் புவனாவின் சம்பளத்தைப் போட்டுவிட்டு, திரையில் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சொல்ல எத்தனையோ தடவை கூப்பிட்டேன். போன் அணைந்தே கிடந்தது. அந்தத் தோட்டத்திலிருந்து எங்களிடம் வேறு யாரும் வேலைக்கு வருவதும் இல்லை. வங்கியின் மெசேஜ் மட்டும், எங்களிடம் எண் இல்லாத அவள் புருஷனின் போனுக்குப் போயிருக்கிறது.

பார்வதி அக்காவின் கேள்வி

இதையெல்லாம், உறையோடு வந்த அன்றைக்குப் புவனாவிடம் சொன்னேன். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டாள். நம்பவில்லை. திரையைத் திருப்பி அவளுடைய பக்கத்தைக் காட்டினேன்.

"அப்ப இது எங்காசா?"

"ஒங்காசுதான். அடுத்த மாசமும் வரும். லீவு முடிஞ்சு நீ வேலைக்கு வரணும், அவ்வளவுதான்."

"வீட்டுல அவரு வச்சுக்குவோம்னாருக்கா. புள்ளைக்கு செலவிருக்கு, அவங்களா கேட்டாப் பாத்துக்கலாம்னாரு. நாந்தான் சண்ட போட்டு எடுத்துக்கிட்டு வந்தேன்." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இப்ப வீட்டுக்குப் போயி அவருகிட்ட என்னான்னு சொல்ல?"

வெளியே நின்றவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். பார்வதி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டபடி தடுப்புக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஜெசிந்தா, இந்தச் சட்டம் இப்பத்தான் வந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சுலபம். என்னால் முடியவில்லை.

"இல்லக்கா. ரொம்ப காலமா இருக்கு."

"எங்க பெரியவன் பொறக்கும்போது இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"சின்னவளுக்கும்?"

"ஆமாக்கா."

அவர் குழந்தையின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். "பெரியவன வீட்ல போட்டுட்டு ஒரு மாசத்துலயே வந்துட்டேன். பிந்துனா வேற ஆளப் போட்டுருவாங்கன்னு பயம். பிரஸ்ஸுகிட்ட நிக்கறப்ப பால் கட்டிக்கிட்டு நெஞ்சு கல்லாட்டம் ஆயிரும். சட்டையெல்லாம் நனைஞ்சிரும். ஈரத் துணி பட்டுருச்சுன்னு சொல்லிக்குவேன்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையைப் புவனாவிடம் கொடுத்துவிட்டு, "பால் குடுத்துட்டுக் கௌம்பு, பஸ் வந்துரும்" என்று பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை பார்வதி அக்காவின் பக்கத்தைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் என்ற இடத்தில், சின்ன மகள் பிறந்த பிறகு அவர் திரும்பி வந்த நாள் இருந்தது. பழைய தாள்களில் இருந்ததைத்தான் நான் ஏற்றியிருக்கிறேன். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற பணிக்கொடை சேர்ந்த நாளிலிருந்துதான் கணக்காகும். அதற்கு முன்னால் அவர் நின்ற வருடங்கள் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை.

முதலாளி வந்ததும் கேட்டேன். "பார்வதி அக்கா மொத மொதல்ல எப்ப சேந்தாங்கன்னு தெரியுமா மொதலாளி?"

"தெரியாமயா? இந்த எடத்த தொறந்த அன்னிக்கே வந்தவ. மொத நாளே பொயிலர் மக்கர் பண்ணிருச்சு. அவதான் தாவாரத்துல கயிறு கட்டி, ஒண்ணு விடாமக் காயவச்சு எடுத்தா. இல்லாட்டி மொத ஹொட்டேலே கைவிட்டுப் போயிருக்கும்."

"அப்ப அந்தத் தேதியத்தான இங்க போடணும்?"

அவர் திரையைப் பார்த்தார். நேற்று நடந்தது அவருக்கும் காதில் விழுந்திருந்தது என்று நினைக்கிறேன்.

"போடுங்க" என்றார்.

பழைய இரண்டு பிரசவத்துக்கும் சேரவேண்டியதை வக்கீலிடம் பேசிப் பார்த்துத் தருவதாகச் சொன்னார். முழுதாக வரவில்லை. ஒரு பகுதி பிறகு வந்தது. மகளுக்கு டியூஷன் காசு கட்டியதாகப் பார்வதி அக்கா சொன்னார்.

அன்றைக்குத் தேதியை மாற்றிவிட்டு அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தார்.

"சரியாக்கா?"

"சரிதான்" என்றார். "அன்னிக்கு வெள்ளிக்கெழம. பொயிலருக்குப் பூச போட்டாங்க. எனக்கு ஒரு மூடித் தேங்கா குடுத்தாங்க."

இன்னும் கொஞ்ச நேரம் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.